எட்டாவது சாவி

ஒந்தாரோவா துறைமுகத்தில் மழை.
அப்பாவின் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.
இறந்தவரின் சாவி நாற்பது நாளுக்குள் திரும்பிவிட வேண்டும்;
எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால்
எழுதவில்லை, அதனால்தான் விதி
என்பார்கள்.

அந்தக் கதவுக்குப் பின்னால்
எட்டு ஆண்களின் சமையலறை.
சோக்கோ என்று பெயர். சின்ன மூலை என்று பொருள்.
எங்கள் பாஸ்க் மொழியில் எதையும் செல்லமாகச் சொல்லலாம்,
சுவரைக்கூட.

நான் அகராதிக்காரி.
பில்பாவோவில், மூன்றாவது மாடியில்,
சொற்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடுகிறவள்.
இந்த மாதம் என் மேசைக்கு வந்தவை
ஒட்டிக்கொண்டே திரியும் மனிதர்களுக்கான சொற்கள்.

குவாத்ரில்யா:
அப்பா தன் கூட்டாளிகளை அப்படித்தான் சொல்வார்.
அதற்குள் ஒரு நான்கு ஒளிந்திருக்கிறது.
கொள்ளையை நான்காகப் பங்கிட்ட படையாட்களிடமிருந்து
வந்திருக்கலாம் என்கிறது பழைய அட்டை.
ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட கேள்விக்குறி.
எனக்குக் கேள்வியில்லை.
ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த எட்டுப் பேர்
மீனை, மதுவை, கடனை, ஒரே ஒரு பழைய ரெனோ காரை,
பட்டாளத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க
ஒரே சவரக்கத்தியை
பங்கிட்டுக்கொண்டார்கள்.
கொள்ளைபோனது எதுவென்று
எங்கள் வீட்டில் கேட்டிருக்கலாம்.
சனிக்கிழமைகள்.

காமரேட் என்றால் ஒரே அறையில் படுத்தவர்.
கம்பானியன், ஒரே ரொட்டியைப் பிய்த்தவர்.
வெளியே நிற்பவருக்கு
அறையின் வெளிச்சமாவது தெரியும்,
ரொட்டி வாசனையாவது வரும்.
பிரெஞ்சுக்காரர்களின் 'கிளீக்' மட்டும்
எங்கும் தங்கவில்லை, எதையும் தின்னவில்லை.
வெறும் ஓசையிலிருந்து பிறந்ததாம்.
கைதட்டலாக இருக்கும் என்றார் ஒரு பேராசிரியர்.
தாழ்ப்பாள் என்று எழுதக் கை துடித்தது.
ஆதாரமில்லை, விட்டுவிட்டேன்.

ஆதாரம் என்னிடம் உண்டு, அச்சேறாது.
எனக்குப் பத்து வயது.
மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியோடு
மீன்சந்தை வழியே அப்பாவின் பின்னால் ஓடினேன்.
வாங்கிக்கொண்டார்.
நெற்றியில் முத்தமிட்டார், பூண்டு மணக்க.
க்ளிக்.

இப்போது திறந்தது செராப்பியோ.
இடுப்பில் ஏப்ரன், கையில் மண்சட்டி.
சட்டியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்,
நிறுத்தினால் எண்ணெயும் மீனும் பிரிந்துவிடும்.
சாவியை நீட்டினேன்.
வாங்கக் கை ஒழியவில்லை.
என்னைப் பார்த்தார், நனைந்த தலையைப் பார்த்தார்,
உள்ளே திரும்பிக் கத்தினார்:
"ஸோர்ட்சி லகுன்!"

எட்டுப் பேர். அவ்வளவுதான் சொன்னார்.
தட்டுக்கான கணக்கு.

ஆனால் மனிதர்களைச் சில மொழிகள் தலையாக எண்ணும்,
சில பேராக எண்ணும்.
நாங்கள் எண்ணுவது லகுனாக.
லகுன் என்றால் தோழர்.
பஸ்ஸில் நாற்பது தோழர். வேலைநிறுத்தத்தில் இரண்டாயிரம்.
விபத்துச் செய்தி வாசிப்பவள்கூட
மூன்று தோழர் இறந்தனர் என்றுதான் வாசிப்பாள்,
முகம் தெரியாத மூவரை.
இருபது வருடம் சொற்களோடு குடும்பம் நடத்தியவள்
இந்தச் சொல்லை
நாற்காலி மாதிரி தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

செராப்பியோ எதையும் நினைத்துச் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும்.
அடுப்புப் பக்கம் பெண்கள் போகக்கூடாது என்பது
இன்றும் அப்படியே இருக்கிறது;
நான் எழுந்தபோது
மூன்று பேர் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தேன்.
சாவி மேசைமேல், ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவே.
யாரும் எடுக்கவில்லை, யாரும் தரவுமில்லை.
காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.
உள்ளிருந்து கேட்டால்
அந்த ஓசை அவ்வளவு பெரிதில்லை.

மீனில் உப்பு குறைவு.
நான் சொல்லவில்லை.